மலைகளும் முளைகளும்

நம் மீலாது மலர்களிலும் மாத இதழ்களிலும், ஜும்ஆ முடிந்து வருவோர் கையில் இலவசமாகத் தரப்பெறும் சிறு நூல்களிலும் ஒருவகைக் கட்டுரை பல்லாண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. திருமறை வசனம் ஒன்றை முதலில் எடுத்தோதுவர். அடுத்து விஞ்ஞானக் கண்டுபிடிப்பு ஒன்றைச் சொல்லுவர். மறை ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் மொழிந்ததை விஞ்ஞானம் இன்றுதான் கண்டறிந்தது என வியந்து, வியப்புக் குறியோடு முடிப்பர். பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் புகைல் விவிலியத்தையும் குர்ஆனையும் விஞ்ஞானத்தையும் ஒப்பிட்டு எழுதிய நூல் 1976இல் வெளிவந்து பல மொழிகளில் பரவிய பின்னர், இவ்வகை எழுத்து நம்மிடையேயும் பெருகிற்று. கருவும் கடலும் தேனீயும் வானமும் இவற்றுக்குப் பொருளாயின. ஆயினும் நாம் அடிக்கடி படிக்க நேர்ந்தது மலைகளைப் பற்றிய கட்டுரையே.

அதன் போக்கு இது. அந்நபஉ அத்தியாயம் மலைகளை முளைகள் என்று குறிக்கிறது. கூடார முளையின் பெரும்பகுதி மண்ணுக்குள் மறைந்து நிற்கும். மலைகளுக்கும் பூமிக்குள் ஆழமான வேர் உண்டென்று விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டனர். ஆகவே மறை மெய்யென நிரூபணமாயிற்று. இவ்வளவுதான் கட்டுரை. எழுதுவோர் மாறினும் வாசகம் மாறுவதில்லை.

இவர்களுடைய மறைப்பற்றில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. நம் குறை வேறு. 'விஞ்ஞானிகள் கூறுகின்றனர்' என்ற எழுவாய் எந்த விஞ்ஞானியையும் சுட்டுவதில்லை. எந்த ஆண்டு, எந்த ஊர், எதை வைத்து அளந்தனர், யார் மறுத்தனர் என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. மணமகன் பெயர் போடாத நிக்காஹ் அழைப்பைப் போல் இருக்கிறது அது. மகிழ்ச்சியான சேதி என்பது மட்டும் தெரிகிறது. யாருக்கு என்பது தெரிவதில்லை. இந்தப் பெயரில்லாத விஞ்ஞானியை நம்பி மறை வசனத்தைப் பிணையாக வைக்கலாமா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

விடுபட்ட அந்தக் கதை எங்கோ தொலைநாட்டில் நடந்ததும் அன்று. நம் குமரி முனையின் ஓரத்திலிருந்து புறப்பட்ட ஒரு கோட்டின் கதை அது.

1802இல் சென்னை பரங்கிமலைப் பகுதியில் அடிக்கோடு ஒன்றை அளந்து வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயத் தளபதி முக்கோண அளவையைத் தொடங்கினார். நியூட்டன் 1687இல் வெளியிட்ட கொள்கைப்படி, சுழலும் பூமி நடுவில் சற்றுப் புடைத்தும் துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் இருத்தல் வேண்டும். அது மெய்யானால், தெற்கே குமரியருகில் அளக்கும் ஒரு பாகையின் நீளத்தைவிட வடக்கே அளக்கும் ஒரு பாகையின் நீளம் சிறிது கூடுதலாக இருக்க வேண்டும். கொள்கையைக் காகிதத்திலிருந்து தரைக்கு இறக்கி வைத்துப் பார்க்கும் முயற்சி இது. குமரி முனையை அடுத்து, அளவைக் குறிப்புகள் புன்னை என்று பெயர் சொல்லும் நிலையம் இக்கோட்டின் தென்முனை ஆயிற்று. அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குன்றும் கோபுரமும் ஏறினர். தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது 1808இல் அது மோதிச் சிதைந்ததும், லாம்டன் தம் கையாலேயே அதைச் சீர்செய்ததும் பலரும் அறிந்தவை. 1823இல் லாம்டன் மறைந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் அக்கோட்டை இமயத்தின் அடிவாரம்வரை கொண்டு சேர்த்தார்.

இங்கே நம்மவர் ஒருவரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. எவரெஸ்டின் கருவிகளைப் பழுது நீக்கிச் செம்மை செய்தவர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் முஹ்ஸின் ஹுசைன். சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்துவந்தவர். ஐரோப்பியக் கருவிச் சிற்பி பாரோ விலகியபின், எவரெஸ்டின் பரிந்துரையால் அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. விகலைக் கணக்கில் பிழை பார்க்கும் வேலையில், கருவியின் வட்டத்தில் கீறிய கோடுகள் மயிரிழை பிசகினாலும் முடிவு பிசகிப் போகும். அத்தகைய கருவிகள் அவர் கையை நம்பி நின்றன.

இனிக் கதையின் கணுவுக்கு வருவோம். நடு இந்தியாவில் கலியான்பூர் என்றொரு நிலையம். இமயத்துக்குத் தெற்கே சமவெளியில் கலியானா என்றொரு நிலையம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இவ்விரண்டின் அட்சரேகை வேறுபாட்டை இருவழியில் கண்டனர். தரையில் முக்கோணங்களால் அளந்தபோது 5 பாகை 23 கலை 42.294 விகலை வந்தது. விண்மீன்களை நோக்கி அளந்தபோது 5 பாகை 23 கலை 37.058 விகலை வந்தது. ஐந்தேகால் விகலைக்குச் சற்றுக் குறைவான பிசகு. தரையில் அது 160 மீட்டர் அளவே ஆகும். அவ்வளவு நெடிய தொலைவில் இதைப் பெரிதுபடுத்த வேண்டுமா என்று நாம் நினைப்போம். எவரெஸ்டும் அதை அளவையில் சிதறிக் கிடந்த சிறு பிழைகளின் திரட்சி என்றே கொண்டார்.

அப்படி விட்டுவிட மனமில்லாதவர் ஒருவர் இருந்தார். கல்கத்தாவில் கிறித்தவ மதகுருவாக இருந்த ஜான் பிராட், கணிதம் வல்லவர். விண்மீனை நோக்குமுன் கருவியை நேர்நிறுத்தத் தூக்குக்குண்டு வேண்டும். கொத்தனார் சுவரெழுப்பும்போது தொங்கவிடும் அதே தூக்குக்குண்டுதான். அது பூமியின் நடுவை நோக்கித் தொங்குவதாக நாம் கொள்கிறோம். ஆனால் நியூட்டன் கொள்கைப்படி எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் ஈர்க்கும். அருகே இமயம் போன்ற பெருந்திணிவு நின்றால் குண்டு அதன் பக்கமாகச் சிறிது சாயத்தானே வேண்டும்? பிராட் இமயத்தின் பருமனைக் கணக்கிட்டுப் பார்த்தார். சாய்வினால் இரு நிலையங்களுக்கும் இடையே வரவேண்டிய பிசகு 15.885 விகலை என விடை கிடைத்தது. கண்கூடாகக் கிடைத்ததோ 5.236. கொள்கை சொன்னதில் மூன்றிலொரு பங்கு!

இந்த இடம் நம் கட்டுரையாளர்கள் கவனிக்க வேண்டிய இடம். பிராட் தம் கணக்கைக் கைவிட்டாரில்லை. அளவையைத் திருத்தி எழுதவும் இல்லை. பொருந்தாத இரண்டையும் பொருந்தாதபடியே 1855இல் அச்சிட்டு அறிஞர்முன் வைத்தார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஏரி சில பக்கங்களில் ஒரு விடை கூறினார். ஆற்றில் மிதக்கும் தடிகளுள் நீருக்குமேல் உயர்ந்து தெரிவது எதுவோ அதுவே நீருக்குள்ளும் ஆழ்ந்திருக்கும். மலைகளும் அவ்வாறே கீழுள்ள அடர்ந்த பொருளில் மிதக்கின்றன. உயர்ந்த மலைக்கு ஆழ்ந்த அடிப்பகுதி உண்டு. அந்த அடிப்பகுதி தன்னைச் சூழ்ந்த பாறையைவிட இலேசானது. ஆகையால் மேலே நிற்கும் மலையின் ஈர்ப்பில் ஒரு பங்கு கீழே ஈடாகிவிடுகிறது என்றார். நம் கட்டுரைகளில் பெயரின்றி உலவும் 'மலையின் வேர்' பிறந்தது இங்கேதான். முளை எதையும் தோண்டி எடுத்துக் கண்டதன் பயன் அன்று அது. வரவேண்டிய சாய்வு வராமற் போனதை விளக்கப் பிறந்த கருத்து.

கதை இத்துடன் நின்றிருந்தால் நம் கட்டுரையாளர்களுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் பிராட் சில ஆண்டுகளில் வேறொரு விடையை வைத்தார். வேர் என்று ஒன்று வேண்டியதில்லை. மலையடியில் உள்ள பொருள் அடர்த்தி குறைந்தது, சமவெளியின் அடியிலும் கடலின் அடியிலும் உள்ளது அடர்த்தி கூடியது. எல்லாம் ஒரே ஆழத்தில் சமனாகிவிடும் என்றார். அடுப்பில் ஒரே அளவு மாவு ஊற்றிய பணியாரங்களில் ஒன்று உப்பி உயர்வதும் மற்றொன்று அமுங்கிக் கிடப்பதும் போல எனலாம். இரு கொள்கைகளும் அந்த 5.236 விகலையை விளக்கப் போதுமானவை. ஒரே சான்றுக்கு இரண்டு விளக்கங்கள். எது மெய் என்று அந்த ஓர் எண்ணைக் கொண்டு தீர்க்க முடியாது.

எனவே மேலும் அளந்தனர். பசேவி என்ற தளபதி 1865 முதல் ஊசல்களைத் தூக்கிக்கொண்டு தென்முனையிலிருந்து இமயம்வரை ஈர்ப்பின் வலிமையை அளந்து சென்றார். மினிக்காய்த் தீவிலும் அளந்தார். கடற்கரையிலும் தீவிலும் ஈர்ப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவும், மலைப்பகுதியில் குறைவாகவும் இருந்தது. 1871இல் லடாக்கின் உயரத்தில், கடுங்குளிரில், அளவை முடியுமுன் அவர் உயிர்நீத்தார். பின்னர் இருபதாம் நூற்றாண்டில் நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமியின் உட்புறத்தை ஆராய்ந்தபோது, திபெத்தின் அடியில் மேலோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடிமனும், நம் தீபகற்பத்தில் ஏறக்குறைய அதில் பாதியும் இருப்பது தெரிந்தது. இமயத்தைப் பொறுத்தவரை ஏரியின் கூற்று வென்றது. ஆனால் பெருங்கடல்களின் நடுவே நீரினடியில் நெடுந்தொடராக நிற்கும் மலைகளுக்கு அத்தகைய வேர் இல்லை. அடியிலுள்ள பொருள் வெப்பத்தால் விரிந்து இலேசாகி அவற்றைத் தாங்குகிறது. அங்கே பிராட்டின் கருத்தே நெருங்கி நிற்கிறது.

'மலை என்றால் வேர்' என்று எழுதி, அதையே வசனத்தின் பொருளென்று முடித்துவிட்டவர், வேரில்லாத இந்த மலைகளை என் செய்வார்?

இன்னும் ஒன்று, நம் வாசலிலேயே இருக்கிறது. நம் நாட்டுக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில், சராசரிப் புவியுருவைவிட நீர்மட்டம் 106 மீட்டர் வரை தாழ்ந்து கிடக்கும் பரந்த பகுதி ஒன்றுண்டு. உலகிலேயே ஈர்ப்புப் புவியுரு மிகத் தாழ்ந்த இடம் இதுவே. 1948இல் டச்சு அறிஞர் வெனிங் மைனஸ் கப்பலில் சென்று ஈர்ப்பளவை செய்தபோது இது தெரியவந்தது. 'கடலில் ஈர்ப்புப் பள்ளம்' என்று நாளேடுகள் கொட்டை எழுத்தில் தலைப்பிட்டன. படகு போய் விழும் பள்ளமாக எவரும் எண்ண வேண்டா. தேங்காய்ப்பட்டினத்திலோ குளச்சலிலோ இருந்து கடலோடுவோர் ஆயிரம் முறை அதன்மேல் சென்றாலும் சரிவு தட்டாது. அவ்வளவு பரந்து, அவ்வளவு மெல்லச் சரிவது. இதை ஏரியின் வேரும் விளக்கவில்லை, பிராட்டின் அடர்த்தியும் விளக்கவில்லை. காரணம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பால், அத்ரேயி கோஷ் என்னும் இருவர் இதற்கு ஒரு விளக்கம் வெளியிட்டனர். பதினான்கு கோடி ஆண்டுகளாகப் பூமியின் உட்புறம் எப்படி இயங்கியிருக்கக்கூடும் என்று கணினியில் 19 மாதிரிகள் அமைத்துப் பார்த்தனர். மறைந்துபோன டெத்திஸ் கடலின் தரை ஆழத்தில் அமிழ்ந்து, அதனால் ஆப்பிரிக்காவின் அடியிலிருந்து வெப்பப் பிழம்பு கிளர்ந்து மேலெழுந்த மாதிரிகளில்தான் நம் கடலின் தாழ்வை ஒத்த தாழ்வு தோன்றிற்று. 19இல் ஆறே தேறின என்பது செய்தி. தேறாதவற்றையும் மறைக்காமல் எண்ணிச் சொன்னது நமக்குப் பிடித்திருந்தது. அத்துடனும் விவகாரம் முடியவில்லை. தக்காணத்து எரிமலைப் பாறைகளுக்குக் காரணமாகக் கருதப்படும் ரீயூனியன் பிழம்பு இம்மாதிரிகளில் சரிவரத் தோன்றவில்லையே என்று பிற அறிஞர் குறை கூறினர். வழக்கு இன்னும் மன்றத்தில் இருக்கிறது.

இடலாக்குடி தந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானியானது நண்பர் புகழுரையாலன்று. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், அறிஞர் நிறைந்த அவையில், நூறு முனையிலிருந்து வந்த வினாக்களுக்கு ஈடுகொடுத்து நின்றதால் ஆனார். கொள்கைகளும் இவ்வாறே அவையேறி நிற்க வேண்டியவை. நேற்று நின்றது நாளையும் நிற்கும் என்ற உறுதி எதற்கும் கிடையாது.

விஞ்ஞானத்துக்கு இது இழுக்கன்று, அதன் இயல்பு. இழுக்கு வருவது, ஓடிக்கொண்டிருக்கும் அந்த வண்டியில் நாம் மறை வசனத்தைக் கட்டிவிடும்போதுதான். மலைகள் பூமியை அதிராமல் காக்கின்றன என்பதை 'நிலநடுக்கத்தைத் தடுக்கின்றன' என்று மொழிபெயர்த்துக்கொண்டு, அதற்கும் விஞ்ஞான ஆதாரம் உண்டென்று எழுதியோர் உளர். 2005 அக்டோபரில் காஷ்மீரிலும், 2015 ஏப்ரலில் நேபாளத்திலும் மலையடிவாரங்களே பிளந்து பல்லாயிரம் உயிர்கள் மாய்ந்தன. இந்திய நிலத்தட்டு வடக்கே முட்டி மடிந்தே இமயம் எழுந்தது. அந்த முட்டலே அங்கு நிலத்தை நடுக்குகிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு வரும் நம் பிள்ளை, வாப்பாவின் அலமாரியில் கிடக்கும் சிறு நூலை எடுத்துப் படித்தால் எதை ஐயுறும்? கட்டுரையாளரை ஐயுற்றால் பாதகமில்லை. ஆனால் அவர்தாம் தம் கூற்றையும் வசனத்தையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவைத்துவிட்டாரே! முற்கால விரிவுரையாளர்கள் இவ்வசனங்களில் படைத்தவனின் ஆற்றலையும் அருட்கொடையையும் கண்டனர். அவர்கள் கண்ட பொருளுக்கு ஏரியின் துணை வேண்டியிருக்கவில்லை. ஏரி தோற்றாலும் அதற்குச் சேதமில்லை.

இத்தகைய ஒட்டுவேலை நம் சமுதாயத்தின் தனிச்சொத்தும் அன்று. கடல்கொண்ட நிலத்தைப் பற்றிச் சிலப்பதிகாரமும் இறையனார் களவியல் உரையும் சுமந்துவரும் நினைவு தொன்மையானது. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த உயிரினச் சுவடுகள் காணப்படுவதை விளக்க, இடையே 'லெமூரியா' என்றொரு நிலம் இருந்திருக்கலாம் என்று ஊகித்தார். தமிழன்பர்கள் அந்த ஊகத்தை வாரியெடுத்துக் குமரிக்கண்டத்தோடு இணைத்தனர். பின்னர் கண்டங்களே நகர்ந்தன என்ற கொள்கை சான்றுகளோடு நிலைபெற்றபோது விஞ்ஞானிகள் லெமூரியாவைச் சந்தடியின்றி விட்டுவிட்டனர். நம்மவர் விடமுடியாமல் நிற்கின்றனர். ஓர் இலக்கிய நினைவை இலக்கிய நினைவாகவே போற்றியிருந்தால் அதற்கு இந்தச் சங்கடம் வந்திராது. குமரி மாவட்டத்தில் பிறந்தோர்க்கு இந்த எடுத்துக்காட்டு ஒன்றே போதும் எனத் தோன்றுகிறது.

நம் முன்னோர் நடந்த வழி வேறாக இருந்தது. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் அண்ணலார் (ஸல்) அவர்களின் அருமைச் செல்வர், பால்குடி மாறாத இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் உண்டாயிற்று. நபிமகனின் மரணத்துக்காகவே கதிரவன் இருண்டது என மக்கள் பேசினர். புத்திர சோகத்தில் இருந்த தந்தைக்கு இதைவிட ஆறுதலான பேச்சு எது? சாட்சி தேடுவோர்க்கு இதைவிடப் பெரிய சாட்சி எது? ஆயினும் சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை கிரகணமுறுவதில்லை என்றும் கூறி, அப்பேச்சை அண்ணலார் அக்கணமே மறுத்துவிட்டார்கள். தமக்குச் சாதகமாக வந்த பொய்ச்சான்றைத் திருப்பியனுப்பிய இந்த நிகழ்ச்சி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. மலைக் கட்டுரை எழுதும் அன்பர்கள் இதைத் தம் மேசையின்மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் தத்துவவாதிகளை மறுத்து எழுதிய தம் நூலின் முன்னுரையில், கணிதத்தால் நிறுவப்பட்ட கிரகண விளக்கத்தை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்னும் கருத்தை வைத்துள்ளார்கள். நிறுவப்பட்டதை மறுப்பது தீங்கு என்றால், நிறுவப்படாததை மார்க்கத்தின் பெயரால் நிறுவுவதும் அதற்கு இளைத்ததன்று.

பூமியை அளந்த கதையிலேயே நம்மவர் உண்டு. கலீஃபா மஃமூன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிஞ்சார் சமவெளியில் அறிஞர்கள் வடக்கும் தெற்குமாக நடந்து ஒரு பாகையின் நீளத்தை அளந்தனர். லாம்டன் செய்ததும் இதே வேலைதான், கருவிதான் வேறு. இரண்டு நூற்றாண்டு கழித்து அல்பிரூனி பஞ்சாபின் நந்தனா கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்து, அதன் உச்சியிலிருந்து அடிவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தை 34 கலை எனக் கண்டு, பூமியின் பருமனைக் கணக்கிட்டார். தனி ஒருவராய்ச் செய்த அரிய முயற்சி. விடை மஃமூனின் அறிஞர்கள் கண்டதற்கு நெருங்கி வந்தது. பிறகு அவர் என்ன செய்தார்? அவர்களுடைய கருவி தம்முடையதைவிட நுட்பமானது, அவர்களுடைய உழைப்பு பெரிது என்று சொல்லி அவர்கள் எண்ணையே ஏற்றுக்கொண்டார். அல்பிரூனியின் பெருமையைப் பாடும் நம் கட்டுரைகளில் அவர் பூமியை அளந்த செய்தி தவறாமல் வரும். தம் எண்ணை அவர் விட்டுக்கொடுத்த செய்தி வந்து நாம் பார்த்ததில்லை.

பத்திரிகை நடத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மலைக் கட்டுரை இனி வந்தால், எந்த விஞ்ஞானி, எந்த ஆண்டு, எதை அளந்து, யாருடைய மறுப்பைக் கடந்து என்று எழுதியவரிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள். நான்கு வரிகள் கூடும். வியப்புக் குறி ஒன்றிரண்டு குறையும். அந்த நான்கு வரிகளைத் தேடிப் போகிறவர் புன்னையையும் கலியானாவையும் வழியில் காண்பார். ஆர்க்காட்டு மீர் முஹ்ஸின் ஹுசைனையும் சந்திப்பார். அவரைப் பற்றித் தமிழில் ஒரு முழுக் கட்டுரை இதுவரை நம் கண்ணில் படவில்லை. அடுத்த மீலாது மலருக்கு யாரேனும் எழுதினால் நன்று.